சத்தம் போடாதீர்கள், சூசையப்பர் தூங்குகிறார்

குட்டியானை வண்டி கோயில் வாசலில் வந்து நின்றபோது, எதிர்ச்சாரியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த ஏழுமலை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னாக்கா, யாரு பூட்டாங்க?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வண்டியின் பின்தட்டில் ஆறடி நீளத்துக்கு ஓர் உருவம் படுத்திருந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை வேட்டி போர்த்தி, அதன் மேல் ரோஜா மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் எங்கள் கோயில் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையின் துணைத்தலைவர் செல்வநாயகம் சார், மார்ச் மாத வெயில் முகத்தில் அடிக்க, போர்வை பறக்காமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நெருங்கிய சொந்தத்தைப் பறிகொடுத்தவர் மாதிரியே இருந்தது.

“யாரும் போகல ஏழுமலை. சூசையப்பர் வந்திருக்கார். தூங்குறார்,” என்றேன்.

ஏழுமலை யோசித்தார். போர்வையின் நுனி விலகி, தலைக்கு முட்டுக்கொடுத்த கை ஒன்று வெளியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “ஓ, உங்க பெருமாளா,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு தேய்க்கப் போய்விட்டார்.

போன வாரம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவைப் பற்றி எழுதி, பழைய சக ஆசிரியைகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வாரம் கோயிலுக்குள் நுழைகிறேன். திட்டுவதற்கு இங்கேயும் ஆள் பஞ்சமில்லை. அதனால் எங்கள் கோயில் எது என்று சொல்லப்போவதில்லை. தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயே திறக்காதவர்

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சூசையப்பர் என்பவர் மரியாளின் கணவர், தச்சர், இயேசுவை வளர்த்தவர். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அவருக்கு நடந்த முக்கியமான விஷயமெல்லாம் தூக்கத்தில்தான் நடந்தது. கனவில் தூதர் வந்து செய்தி சொல்வார். இவர் எழுந்து சொன்னதைச் செய்வார். இப்படிப்பட்ட ஆண்பிள்ளை எங்கள் பங்கில் ஒருவர்கூட இல்லை என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லிச் சிரிப்போம்.

புதிய மொழிபெயர்ப்பில் அவர் யோசேப்பு ஆகிவிட்டார். வழிபாட்டுக் குழுவின் பொறுப்பு என்னிடம் இருப்பதால், பூசையில் வாசகம் படிக்கும்போது நானும் ஒழுங்காக யோசேப்பு என்றுதான் படிப்பேன். வீட்டுக்கு வந்து பாதிச் சமையலில் காஸ் தீர்ந்துபோனால், வாயில் வருவது சூசையப்பா என்பதுதான்.

தூங்கும் சூசையப்பர் சுரூபம் (சிலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வெளிநாட்டில் இப்போது பிரபலமாம். மேசை மேல் வைக்கிற அளவில் இருக்கும். நம் கவலையைச் சொல்லிவிட்டால் அவர் அதைக் கனவில் கேட்டுத் தீர்த்து வைப்பார் என்று நம்பிக்கை. எங்கள் பங்குத்தந்தை ஃபாதர் ஜெரால்டு மேல்படிப்புக்குப் போன ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்து மனதில் வைத்திருந்தார். மார்ச் மாதம் சூசையப்பர் வணக்க மாதம் ஆயிற்றே, பக்கப் பீடத்தில் சின்னதாக ஒன்று வைக்கலாம் என்று பேரவையில் சொன்னார்.

உபயம் தன்னுடையது என்று செல்வநாயகம் சார் உடனே எழுந்துவிட்டார். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். சின்னதாக எதையும் கட்டிப் பழக்கமில்லை. மேசை மேல் வைத்தால் பொம்மை என்பார்கள், ஆள் உயரத்துக்குத்தான் இருக்க வேண்டும் என்றார். ஃபாதர் எங்கள் பங்குக்கு வந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. வயதும் நாற்பதைத் தொடவில்லை. வேண்டாம் என்ற சொல் அவருக்கு இன்னும் பழகவில்லை. சரி சார் என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஃபைபர் சிலை செய்கிற முரளியிடம் வேலை போயிற்று. கல்யாண மண்டப வாசலுக்கு யானை, அபார்ட்மெண்ட் கேட்டுக்குச் சிங்கம், கோயில்களுக்குப் பள்ளிகொண்ட பெருமாள் என்று எல்லாம் செய்கிறவர். தூங்குகிற சாமி என்றதும் அவர் கை தானாகப் பழகிய வழியில் போய்விட்டது. வலது கை தலைக்கு, இடது கை தொடை மேல் நீட்டி, உதட்டில் லேசான சிரிப்பு. பாம்புப் படுக்கை மட்டும்தான் பாக்கி. தாடியும் தச்சுச் சாமானும் இல்லாவிட்டால் எங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

முதல்நாள் போர்வையை விலக்கியதும் ஃபாதர் முகம் போன போக்கைப் பார்த்து முரளிக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க குட்த்த போட்டோவுல கீற மாதிரியேதான் பண்ணிகிறேன் ஃபாதர். படுத்துக்கினு கீறாரு, கண்ணு மூடிகினு கீறாரு. வேற இன்னா வேணும்?”



தலைமாட்டில் மெழுகுதிரி

இந்த இடத்தில் எங்கள் கோயிலின் கலையழகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் இந்தப் பக்கம் குடிவந்தபோது இது ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. வெயில் காலத்தில் பிரசங்கம் கேட்டாலே ஒரு வருடப் பாவம் கழிந்துவிடும். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் மேலே போகும்போதெல்லாம் சாமியார் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார். எந்தச் சாமியார் எங்கே நிறுத்தினார், விமானம் போனதும் எங்கே தொடங்கினார் என்பதை வைத்தே அவர்களைத் தரம் பிரிப்போம்.

பிறகு கான்கிரீட் கோயில் வந்தது. ஒரு சாமியார் பீடத்துக்குப் பின்னால் குளியலறைச் சுவர் மாதிரி நீல டைல்ஸ் ஒட்டினார். அடுத்தவர் அதற்கு மேல் சீரியல் செட் போட்டார். அதற்கடுத்தவர் எல்லாவற்றையும் மறைத்து ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார். வருகிற ஒவ்வொருவரும் ஆண்டவருக்கு அழகு சேர்த்துவிட்டுத்தான் மாற்றலாகிப் போனார்கள். ஆண்டவர் பொறுமைசாலி.

இப்படிப் பல அழகுகளைப் பார்த்த எங்களையே தூங்கும் சூசையப்பர் திணறடித்துவிட்டார். ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்து வைத்த அன்று சாயங்காலமே யாரோ அவர் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றும் மெழுகுதிரி ஏற்றிவிட்டார்கள். நம் பக்கத்தில் ஆறடிக்குப் படுத்து, மாலை போட்டு, கண் மூடியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போதாததற்கு, சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலர். பழைய ஆட்கள் அவர் சாவைத்தான் சுரூபமாக வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, மரித்தவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்கள். வெளியே இருப்பவர்களுக்கு அவர் பெருமாள். உள்ளே இருப்பவர்களுக்குப் பிரேதம். தூங்குகிற தச்சராக அவரை யாருமே பார்க்கவில்லை.

ஃபாதர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அழகான எழுத்தில் ஒரு மரப்பலகை செய்து சுரூபத்தின் பக்கத்தில் மாட்டினார். “சத்தம் போடாதீர்கள், சூசையப்பர் தூங்குகிறார்.”

அது பிரமாதமாக வேலை செய்தது. முதலில் குழந்தைகள் அந்த இடம் வந்ததும் வாயில் விரல் வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். மெழுகுதிரி நின்றது. பூசைக்கு முன்னால் எங்கள் கோயிலில் கேட்கிற சந்தைச் சத்தம் அடங்கிவிட்டது. ஃபாதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டெல்லா பாடாத ஞாயிறு

எங்கள் பாடகர் குழுவுக்கு ஸ்டெல்லாதான் எல்லாம். கீபோர்டு வாசிக்கிறவர் தப்பு விட்டால் அவள் குரல் அதை மறைத்துவிடும். மற்றவர்கள் சுருதி விட்டாலும் அவள் குரல்தான் கைபிடித்து இழுத்து வரும். அவள் கணவர் அமல்ராஜ், மறைமலை நகர்ப் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். சில வருடங்களுக்கு முன் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளைக் காலையில் எழுந்து தலைவாரி வெளியே வர வைத்தது இந்தப் பாட்டு ஒன்றுதான். எனக்கு அது தெரியும், அடுத்த பிளாக்கில் குடியிருக்கிறேன்.

பாடகர் குழுவின் இடம் பக்கப் பீடத்துக்கு நேர் எதிரே. சூசையப்பர் வந்த முதல் ஞாயிறு ஸ்டெல்லா பதிலுரைப் பாடலைப் பாதியில் நிறுத்திவிட்டாள். தொண்டை சரியில்லை என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு ஒரு பாட்டும் பாடாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூசை முடிந்ததும் நேரே ஃபாதரிடம் போனாள்.

“அந்தச் சுரூபத்தை எடுத்துடுங்க ஃபாதர். இல்லன்னா நான் இங்க வரல.”

ஏன் என்று கேட்டதற்கு, பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். மறு ஞாயிறு அவள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வேறொரு பங்குக்குப் போய்விட்டாள். அங்கே குரலைக் கேட்டதும் உடனே பாடகர் குழுவில் சேரச் சொல்லிவிட்டார்கள். பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முன்னால் பதில் சொல்வதாகச் சொல்லி வந்திருந்தாள். போய்விட்டால் திரும்ப மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அங்கே அவளை யாருக்குத் தெரியும்? இரண்டு வாரம் வராவிட்டால் கதவைத் தட்டிக் கேட்க ஆள் இருக்காது.

பேரவை கூடியது. ஒவ்வொருவரும் ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லித் தன் மனதில் இருந்ததைக் கொட்டினார்கள். பெருமாள் மாதிரி இருப்பதால்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றார் ஒருவர். பிணம் மாதிரி இருப்பதால் என்றார் இன்னொருவர். நான் தமிழ் ஆசிரியை ஆயிற்றே, சும்மா இருப்பேனா? அறிதுயில் என்று ஓர் அருமையான சொல் நம்மிடம் உண்டு, எல்லாம் அறிந்தபடியே தூங்குவது, இது பெருமாளுக்கும் பொருந்தும், கனவில் செய்தி கேட்ட சூசையப்பருக்கும் பொருந்தும் என்று விளக்கினேன். செல்வநாயகம் சார் கொட்டாவி விட்டார்.

பிறகு அவர் ஒரே போடாகப் போட்டார். மந்திரித்த சுரூபத்தை ஒரு பாட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்தால், நாளை யார் யாருக்கோ பிடிக்காது. எடுத்தால் தானும் இந்தக் கோயிலுக்கு வரப்போவதில்லை என்றார். ஃபாதர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால்கனியிலிருந்து தெரிந்த பஸ்

மறுநாள் சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். இரும்புலியூரில் எங்கள் குடியிருப்பு ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது. அவள் வீட்டுப் பால்கனியில் நின்றால் பஸ் நிற்கிற இடம் தெரியும். காபி போட்டுக் கொடுத்தாள். நான் சூசையப்பரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவளே எடுத்தாள்.

“அவர் பஸ்ல போனார்னு எல்லாருக்கும் தெரியும். எப்படின்னு யாருக்கும் தெரியாதுக்கா.”

அமல்ராஜ் அன்றைக்கு டபுள் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைத் தலைக்குக் கொடுத்துச் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். இரும்புலியூர் வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். எழுப்பப் போனவரை இன்னொருவர் தடுத்திருக்கிறார். பாவம், அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறான், பஸ் பல்லாவரம் போய்விட்டு இதே வழியாகத்தானே திரும்பும், வரும்போது இறக்கிவிடலாம் என்று. அவர் தலை இடிக்காமல் இருக்க யாரோ ஒரு துண்டை மடித்து ஜன்னலில் வைத்தார்களாம். திரும்பி வரும்போது எழுப்பினார்கள். எழுந்திருக்கவில்லை.

அந்த முதல் நிறுத்தத்தின்போது ஸ்டெல்லா பால்கனியில் நின்றிருக்கிறாள். பஸ் நின்றது, யாரும் இறங்கவில்லை, போய்விட்டது. அடுத்த வண்டியில் வருவார் என்று உள்ளே போய் இட்லித் தட்டை இறக்கியிருக்கிறாள்.

முன்னாலேயே உயிர் போயிருந்ததா, அப்போது எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“ஒருத்தர்கூட கெட்டவங்க இல்லக்கா. தூங்கட்டும்னு பாவப்பட்டு விட்டுட்டாங்க. நான் யாரைத் திட்டுறது? இப்ப கோயில்ல எனக்கு நேரா ஒருத்தர் கையைத் தலைக்கு வச்சுப் படுத்திருக்கார். எழுப்பாதீங்கன்னு போர்டு வேற. எல்லாரும் சத்தமில்லாம தாண்டிப் போறாங்க. அதைப் பாத்துக்கிட்டு எப்படிக்கா பாடுறது?”

நானும் அந்த இடத்தில் நுனிக்காலில்தானே நடந்தேன். இதை ஃபாதரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவரிடம் மட்டும் என்றாள்.

ஃபாதர் சொன்ன ‘வேண்டாம்’

ஃபாதர் கேட்டுவிட்டு எழுந்து கோயிலுக்குள் போனார். திரும்பி வரும்போது பலகை அவர் கக்கத்தில் இருந்தது. கழற்றியதில் விரல் கீறி ரத்தம் வந்திருந்தது.

மறுநாள் அவரே ஸ்டெல்லா வீட்டுக்குப் போய், சுரூபத்தைத் தான் தங்கும் பங்களாவுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். அங்கிருந்து நேராகச் செல்வநாயகம் சாரைப் பார்க்கப் போனார். காரணம் சொல்ல முடியாது, இது என் முடிவு, கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள் என்றாராம். அவர் காட்டினார். வீதியே கேட்கும்படி காட்டினார். பிஷப்பிடம் போவேன் என்றார். ஃபாதர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை எடுக்கிறோம் சார் என்று சொல்லிவிட்டு வந்தார். எத்தனையோ பங்குத்தந்தைகளைப் பார்த்திருக்கிறேன். கோயில் கட்டியவர்களும் உண்டு, கோபுரம் எழுப்பியவர்களும் உண்டு. எனக்கு ஒருவர்மேல் முழு மரியாதை வந்தது அந்த வாரத்தில்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் முரளி இரண்டு ஆட்களுடன் கயிறு கொண்டுவந்தார். தலைப்பக்கம் ஒரு கட்டு போட்டு, கால்பக்கம் போடப் போன நேரத்தில் ஸ்டெல்லா உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஃபாதர் முரளியைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கினார்.

ஸ்டெல்லா பீடத்துப் படியில் சுரூபத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை அதுவரை அவள் நேராகப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அதன் தோளில் தட்டினாள்.

“ஏங்க. எழுந்திருங்க. இரும்புலியூர் வந்திடுச்சு.”

இன்னொரு தடவை தட்டினாள். அப்புறம் அந்தத் தோளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை. அன்றைக்கும் எழுந்து நின்று பாடியவள். நானும் அழுதேன். ஃபாதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், “இருக்கட்டும் ஃபாதர், எடுக்க வேணாம். ஆனா தினமும் யாராவது எழுப்பிடணும்,” என்றாள்.

“அப்ப தூக்க வேணாமா?” என்று முரளி கேட்டார். வேண்டாம் என்றார் ஃபாதர். இப்போதெல்லாம் அந்தச் சொல் அவருக்கு நன்றாக வருகிறது.

இப்போது எங்கள் கோயிலில் காலையில் கதவைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும், முதலில் போய்ச் சூசையப்பரின் தோளைத் தட்டி “இரும்புலியூர் வந்திடுச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் மணி அடிக்கிறார். எந்த வழிபாட்டுப் புத்தகத்திலும் இல்லாத சடங்கு. செல்வநாயகம் சார்கூடத் தன் முறை வந்தால் தட்டுகிறார். எதற்காக இரும்புலியூர் என்று அவர் கேட்டதில்லை. அங்கே குடியிருப்பவர்கள் அதிகம் என்பதால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

ஸ்டெல்லா அந்தப் பாஸ்காவுக்கு எங்கள் கோயிலில்தான் பாடினாள். இன்றும் பாடுகிறாள். அவளைக் கேட்காமல் இதை எழுதக் கூடாது என்பதால், அச்சுக்கு அனுப்புவதற்கு முன் கொண்டுபோய்க் கொடுத்தேன். பால்கனியில் நின்றபடியே முழுவதும் படித்தாள். போடுங்கள் என்றாள். ஓர் இடத்தில் மட்டும் விரலை வைத்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள் என்று நான் எழுதியிருந்தேன்.

“உலுக்கலக்கா. தட்டினேன், அவ்வளவுதான். உலுக்கி எழுப்பினா அவருக்குப் பிடிக்காது.”

திருத்திவிட்டேன்.